டாக்டரிடம் கேளுங்கள்: மகளுக்கு ஊசி, தாய்க்குப் பரிசோதனை

எச்.பி.வி. தடுப்பூசி பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கம்தான் எழுதியிருந்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் அது, அதைத் தடுக்க ஊசி இருக்கிறது, பெண் பிள்ளைகளுக்குக் காலத்தில் போட்டுவிடுங்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வந்திருக்கும் கடிதங்களோ ஒரு பை நிறைய. பாதிக் கடிதங்கள் ஊசியைப் பற்றியவையே அல்ல. மாமியாரையும் மாப்பிள்ளை வீட்டையும் பற்றியவை. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் மகளுக்குப் பதினோரு வயது. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் வயதுக்கு வரவில்லை. ஊசி என்றதும் என் மாமியார், "வயதுக்கே வராத பிள்ளைக்குக் கர்ப்பப்பை ஊசி எதற்கு? கல்யாணம் நிச்சயமாகட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. எந்த வயதில் போடுவது சரி?
*வாசகி, ஒட்டன்சத்திரம்*

இப்போதுதான் சரி. 9 வயது முதல் 14 வயது வரை மிக நல்ல காலம். உங்கள் மகள் அதன் நடுவில் இருக்கிறாள்.

வயதுக்கு வருவதற்கும் இந்த ஊசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது தடுப்பூசி, மருந்து அல்ல. வைரஸ் உடம்பில் நுழைவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். நுழைந்துவிட்ட வைரஸை இது விரட்டாது. அந்த வைரஸ் தாம்பத்திய உறவின்போது தோலோடு தோல் படுவதால் தொற்றுவது. ஆகவே அந்த வாழ்க்கை தொடங்குவதற்குப் பல வருடங்கள் முன்னதாகவே போட்டு முடித்துவிட வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் உடம்பு இந்த ஊசிக்குக் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தி அதிகம். அதனால்தான் 15 வயதுக்கு முன்பு தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ் போதும் என்றும், அதற்குமேல் என்றால் மூன்று டோஸ் என்றும் நம் நாட்டில் வைத்திருக்கிறார்கள்.

"கல்யாணம் நிச்சயமாகட்டும்" என்ற கணக்கையும் பார்த்துவிடுவோம். மூன்று டோஸ் போட்டு முடிக்க ஆறு மாதம் ஆகும். நம் ஊரில் தாம்பூலம் மாற்றியதிலிருந்து முகூர்த்தம் வரை எத்தனை மாதம்? மண்டபம் பார்ப்பதற்கும் பட்டு எடுப்பதற்கும் நடுவில் யார் கல்யாணப் பெண்ணை ஊசிக்கு அழைத்துப் போகிறார்கள்? இத்தனை வருடப் பணியில் நான் பார்க்கவில்லை.

மகளிடம் என்ன சொல்லிப் போடுவது என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். "பெரியவளான பிறகு புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி" என்று சொல்லுங்கள். அது முழு உண்மை, பதினோரு வயதுக்கு அது போதும். குழந்தையாக இருந்தபோது போட்ட மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் கல்லீரல் புற்றுநோயைத் தடுப்பதுதான். அப்போது யாரும் வீட்டில் பஞ்சாயத்து வைக்கவில்லை.

பணம் இடிக்கிறது என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போடப்போவதாக அறிவித்து, 36 கோடி ரூபாயும் ஒதுக்கியது. உங்கள் பகுதியின் நிலவரத்தைப் பள்ளித் தலைமையாசிரியையிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். 14 வயதும் நல்ல வயதுதான். கையில் பணம் இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

மருந்துக் கடையில் இரண்டு ஊசி சொன்னார்கள். ஒன்று இரண்டாயிரம் ரூபாய் அளவில். மற்றொன்று பத்தாயிரத்துக்கு மேல். எனக்கு இரண்டு மகள்கள். விலை குறைந்ததைப் போட்டால் பிற்பாடு "அப்பா கஞ்சத்தனம் பார்த்தார்" என்று ஆகிவிடுமோ?
*வாசகர், கரூர்*

ஆகாது. விலை குறைந்தது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் செர்வாவாக். 2022இல் நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது, 2023 ஜனவரியில் அறிமுகமானது. விலை கூடியது, வெளிநாட்டு நிறுவனத்தின் கார்டாசில் 9. முன்னது நான்கு வகை வைரஸைத் தடுக்கும், பின்னது ஒன்பது வகையை. வித்தியாசம் இதுதான், தரத்தில் அல்ல.

எச்.பி.வி.யில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் பதினான்கு வகைதான் புற்றுநோய்க்குக் காரணமானவை என்று சொல்லலாம். அந்தப் பதினான்கிலும் 16, 18 என்ற எண்ணுள்ள இரண்டுதான் பெரிய வில்லன்கள். உலக அளவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபதுக்கு இவ்விரண்டே காரணம். நம் நாட்டில் அதைவிடவும் கொஞ்சம் கூடுதல். இரண்டு ஊசியிலும் இவை உண்டு. பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும் 6, 11 வகைகளும் இரண்டிலும் உண்டு. கார்டாசில் 9 கூடுதலாக, புற்றுநோய் உண்டாக்கும் இன்னும் ஐந்து வைரஸ் வகைகளைத் தடுக்கிறது. அது உண்மையான கூடுதல் பலன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் இதையும் கேளுங்கள். இங்கிலாந்தில் 2008இல் பள்ளி மாணவிகளுக்குப் போடத் தொடங்கியது 16, 18 என்ற இரண்டே வகைக்கான ஊசி. செர்வாவாக்கை விடவும் இரண்டு வகை குறைவு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அந்த ஊசிக்கு அழைக்கப்பட்ட பெண்கள் இருபதுகளுக்கு வந்தபோது, அவர்களிடையே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 2021இல் வெளியான கணக்கு அது. எனவே வசதி இருந்தால் ஒன்பது வகை ஊசி, இல்லாவிட்டால் நான்கு வகை ஊசி. பத்தாயிரம் சேரட்டும் என்று மூத்தவளை பதினெட்டு வயது வரை நிறுத்தி வைப்பதுதான் கூடாது. இரண்டு மகள்களுக்கும் நான்கு வகை ஊசியை இந்த மாதமே போடுகிற அப்பாவுக்குத்தான் என் ஓட்டு.

கடையில் வாங்கி எடுத்துப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது, உறையவும் கூடாது. வாங்கிய ஊசியை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, கரூர் வெயிலில் வழியில் இன்னும் இரண்டு வேலைகளை முடித்துவிட்டு டாக்டரிடம் போகாதீர்கள். குளிர்ப் பையில் வைத்து நேராகப் போங்கள். அல்லது போடும் இடத்திலேயே ஃபிரிட்ஜில் இருப்பதைப் போடச் சொல்லுங்கள். அதுதான் உத்தமம்.

கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். வயது 20. ஒரு டோஸ் போட்டேன். போட்டுவிட்டு எழுந்ததும் மயங்கி விழுந்துவிட்டேன். அந்தப் பயத்திலும் தேர்விலும் அடுத்த டோஸ் தவறி ஒன்பது மாதம் ஆகிவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?
*வாசகி, கோவை*

வேண்டாம் மகளே. போட்டது போட்டதுதான், உடம்பு அதை மறப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். நம் நாட்டு அட்டவணைப்படி உன் வயதுக்கு மூன்று டோஸ். இப்போது இரண்டாவது, பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்து மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில், 20 வயது வரை ஒன்று அல்லது இரண்டு டோஸே போதும் என்று சொல்லிவிட்டது. ஆகவே மூன்றாவதற்கு வழியில்லாமல் போனாலும், இரண்டாவதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இரு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும், மற்றபடி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் மட்டும் மூன்று டோஸ் அவசியம் என்று நான் வற்புறுத்துவேன்.

மயக்கம் ஊசி மருந்தால் வந்தது அல்ல. ஊசி குத்தும்போது அந்தப் பயத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. உன் வயதுப் பெண்களுக்கு இது அதிகம், காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் இன்னும் அதிகம். விடுதிப் பிள்ளைகள் எத்தனை பேர் காலையில் சாப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இந்த முறை இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போ. "போன தடவை மயங்கினேன்" என்று நர்ஸிடம் முன்னதாகவே சொல். படுக்க வைத்தே போடுவார்கள். போட்ட பிறகு கால் மணி நேரம் எழுந்திருக்காதே.

ஆந்திராவில் பழங்குடிப் பெண் பிள்ளைகள் மீது இந்த ஊசியைப் பரிசோதனை செய்து, அவர்கள் இறந்துபோனதாக வாட்ஸ்அப்பில் வந்தது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வதந்தியை நம்புகிறவள் அல்ல. ஆனால் தேடிப் பார்த்தபோது செய்தித்தாளிலும் அந்தச் செய்தி இருக்கிறது. உண்மை என்ன?
*வாசகி, தேனி*

தேடிப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு வணக்கம். இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், 10 முதல் 14 வயதுவரை உள்ள ஏறத்தாழ 24,000 பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டார்கள். மாநில அரசுகளோடு சேர்ந்து பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் நடத்திய திட்டம் அது. பிறகு வந்த மாதங்களில் அவர்களில் ஏழு பேர் இறந்துபோனார்கள். 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. விசாரணைக் குழு அமைந்தது. நீரில் மூழ்கியது, பாம்புக் கடி, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று காரணங்கள் வந்தன. ஊசிக்கும் இந்த மரணங்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. 24,000 பிள்ளைகளை மாதக் கணக்கில் கண்காணித்தால், ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் நம் கிராமங்களில் துயரம் நடக்கத்தான் செய்யும்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பெற்றோரிடம் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிகள் அவை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது. சாடியது சரி என்பதுதான் என் கருத்தும். ஊசி நல்லது என்பதற்காகத் தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்குப் போடலாம் என்று ஆகிவிடாது. வாட்ஸ்அப்பில் வருகிறவர்கள் இந்த இரண்டாவது குற்றத்தை எடுத்து முதல் பொய்யோடு ஒட்டிவிடுகிறார்கள். அதனால்தான் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

இதற்கு நம் பக்கத்தில் ஒரு கிளைக்கதை இருக்கிறது. அதே 2009இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டாக்டர் ரெங்கசாமி சங்கரநாராயணன் தலைமையில் ஒரு தனி ஆய்வை இந்தியாவில் தொடங்கியிருந்தது. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்ப்பதுதான் நோக்கம். அது நடந்த இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை. 2010இல் அரசு ஊசியை நிறுத்தியபோது இந்த ஆய்விலும் ஊசி நின்றது. 20,000 பேருக்குப் போட நினைத்து, ஏறத்தாழ 17,700 பேரோடு நின்றது. முதல் டோஸ் மட்டும் போட்டு, அடுத்தது கிடைக்காமல் போனவர்களே 5,000 பேருக்கு அருகில்.

ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடவில்லை. வருடக் கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவு, பார்த்தவர்களையே ஆச்சரியப்படுத்தியது. 16, 18 வகைகள் உடம்பில் நிலைத்துத் தங்குவதைத் தடுப்பதில் ஒரு டோஸ் போட்டவர்களுக்கும் மூன்று டோஸ் போட்டவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எல்லோருக்கும் 95 சதவீதத்தை ஒட்டிய பாதுகாப்பு. ஒரு டோஸே போதும் என்று உலகத்தில் பல நாடுகள் இன்று மாறியிருப்பதற்கு இந்த ஆய்வும் ஒரு பெரிய ஆதாரம். அம்பிளிக்கையைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகளும் அதில் பங்கு என்பதை அந்த வாட்ஸ்அப் செய்திக்குப் பதிலாக அனுப்புங்கள்.

இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்கிறார்களே?
*வாசகி, விருதுநகர்*

பிறக்கும். 2006 முதல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் போட்டிருக்கிறார்கள். முதலில் போட்டுக்கொண்டவர்கள் இன்று தாய்மார்கள். மலட்டுத்தன்மையோடு தொடர்புண்டா என்று உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு தனியாகவே ஆராய்ந்து, இல்லை என்று சொல்லியிருக்கிறது. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் மரபணுவும் கிடையாது. வைரஸின் மேல் ஓடு மட்டும். பொக்குக் கடலை மாதிரி, உள்ளே முளைப்பதற்குப் பருப்பே இல்லை. கையில் வலி, வீக்கம், லேசான காய்ச்சல், தலைவலி வரும். இரண்டு நாளில் போகும். குழந்தைப்பேற்றை உண்மையில் பறிப்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் அதற்கான சிகிச்சையும்தான்.

எனக்கு வயது 38. இரண்டு பிள்ளைகள். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது. மகளோடு சேர்த்து நானும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?
*வாசகி, பழநி*

45 வயது வரை போட்டுக்கொள்ள இடமுண்டு. தடை இல்லை. ஆனால் உங்கள் வயதில் பலன் குறைவு, செலவு அதே. என்னைக் கேட்டால் அந்தப் பணத்தை மகளின் ஊசிக்குக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டியது பரிசோதனை. அதற்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பைசா செலவில்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அங்கே செய்கிறார்கள்.

எப்படி இருக்கும் என்று பயந்தே பல பெண்கள் வருவதில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன். திரைக்குப் பின்னால், பிரசவத்துக்குப் படுத்தது போலப் படுக்க வேண்டும். செவிலியர் ஒரு கருவியை மெல்ல வைத்துக் கர்ப்பப்பை வாயைப் பார்ப்பார். வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, பஞ்சில் நனைத்துத் தொட்டு வைப்பார். லேசாகச் சுரீர் என்று இருக்கலாம். ஒரு நிமிடம் காத்திருப்பார். கோளாறான இடம் இருந்தால் வெள்ளைத் திட்டாகத் தெரியும். அவ்வளவுதான். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு போய் உலை வைக்கலாம். வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அது புற்றுநோயாக மாறுவதற்குப் பல வருடம் முந்தைய நிலையாக இருக்கலாம். அந்த நிலையில் குளிரூட்டியோ சூடு வைத்தோ அதை அழித்துவிடலாம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை.

இந்தச் சின்னப் பரிசோதனை உயிரைக் காப்பாற்றுமா என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது உங்கள் மாவட்டம்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் இதைச் செய்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. அந்த மாவட்டத்திலேயே இருந்துகொண்டு நீங்கள் போகாமல் இருப்பதா?

வசதி உள்ளவர்கள் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொள்ளலாம். இன்னும் துல்லியமானது, தொற்று இல்லை என்று வந்தால் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் போதும். ஊசி போட்ட பெண் பிள்ளைகளும் 30 வயதானதும் இந்தப் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும். ஊசி எல்லா வகையையும் தடுப்பதில்லை.

எனக்கு 52 வயது. மாதவிலக்கு நின்று மூன்று வருடமாகிறது. இரண்டு மாதமாக அவ்வப்போது ரத்தம் படுகிறது. நாற்றமும் இருக்கிறது. இந்த ஊசி போட்டால் சரியாகுமா?
*வாசகி, ஊர் எழுதவில்லை*

ஆகாது. இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, நாளைக் காலையில் அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குப் போங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு படும் ரத்தம் ஒரு துளியானாலும் பார்க்கப்பட வேண்டியது. எல்லாமே புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் எதிரில் இருக்கும் டாக்டர், பத்திரிகையில் எழுதும் டாக்டர் அல்ல. மகனுக்கு விடுமுறை கிடைக்கட்டும் என்று நினைக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். நம் நாட்டில் வருடத்துக்கு ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்தப் புற்றுநோயால் இறக்கிறார்கள். இப்படித் தள்ளிப்போட்டுத் தாமதமாக வந்தவர்களே அவர்களில் அதிகம்.

பரிசோதனையில் எச்.பி.வி. இருப்பதாக வந்தது. எனக்கு 34 வயது. திருமணமாகிப் பன்னிரண்டு வருடம். கணவரைத் தவிர வேறொருவரை அறியாதவள். ரிப்போர்ட்டை இணையத்தில் படித்துப் பார்த்த என் நாத்தனார் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். கணவரும் பேசுவதைக் குறைத்துவிட்டார். அவரிடம்தான் தவறா என்று எனக்கும் சந்தேகம் வருகிறது. தூக்கமில்லை.
*பெயர், ஊர் வேண்டாம்*

இந்தக் கடிதத்தைக் கணவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள். இது இருவருக்கும்.

தாம்பத்திய வாழ்க்கை உள்ள ஆண் பெண் எல்லோரையும் எடுத்துக்கொண்டால், வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த வைரஸ் வந்து போகாதவர்கள்தான் அபூர்வம். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதைத் துடைத்துவிடும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலருக்கு வருடக் கணக்கில் ஒளிந்திருந்து பிறகு தலைகாட்டும். ஆகவே இன்று வந்திருக்கும் ரிப்போர்ட் யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது, திருமணத்துக்கு முன்பா பின்பா என்று எதையும் சொல்லாது. எந்த லேபாலும் சொல்ல முடியாது. யாருடைய ஒழுக்கத்துக்கும் அது சான்றிதழும் அல்ல, குற்றப்பத்திரிகையும் அல்ல. நாத்தனாருக்கு 30 வயது தாண்டியிருந்தால் அவரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். கேலியாகச் சொல்லவில்லை.

இனிச் செய்ய வேண்டியது: கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி. தேவையென்றால் மிளகளவு சதை எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் ஒரு வருடம் கழித்து மறுபடி பரிசோதனை. வைரஸைக் கொல்ல மாத்திரை கிடையாது. விற்கிறார்கள் என்றால் வாங்காதீர்கள். புகையிலைப் பழக்கம் உடம்பு இதை விரட்டுவதைத் தாமதப்படுத்தும். கணவருக்குத் தனிப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. உங்களிடம் பேசினால் போதும்.

எனக்கு ஒரே மகன், வயது 13. ஆண் பிள்ளைக்கு எதற்கு இந்த ஊசி?
*வாசகர், மதுரை*

இரண்டு காரணம். தொண்டை, ஆசனவாய், ஆணுறுப்பு ஆகியவற்றில் வரும் சில புற்றுநோய்களுக்கும், பிறப்புறுப்பில் வரும் மருவுக்கும் இதே வைரஸ்தான் காரணம். நாளைக்கு உங்கள் மருமகளாக வரப்போகும் பெண்ணுக்கு அவன் வழியாகப் போகாது என்பது இரண்டாவது. ஆஸ்திரேலியா 2013 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் பள்ளியில் போடுகிறது. நம் நாட்டிலும் ஆண் பிள்ளைகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் இருந்து, பணம் ஒருவருக்குத்தான் என்றால் தங்கைக்குப் போடுங்கள் என்பேன். உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

யாழ்ப்பாணத்தில் தரம் 6 படிக்கும்போது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் ஊசி போட்டார்கள். இரண்டாவதற்குள் திருச்சிக்குக் குடிவந்துவிட்டோம். இங்கே தொடரலாமா?
*வாசகி, திருச்சி*

தாராளமாக. இலங்கை 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இதைத் தேசிய அட்டவணையிலேயே சேர்த்துவிட்டது, நம்மை முந்திக்கொண்டார்கள். முதல் ஊசி போட்டு ஆறு மாதம் ஆனதும் இரண்டாவதைப் போடுங்கள். அதே நிறுவனத்து ஊசி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இங்கே கிடைப்பதைப் போடலாம். அங்கே கொடுத்த தடுப்பூசி அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்; இரண்டாவதையும் அதிலேயே தேதியோடு எழுதி வாங்குங்கள்.

திருமணமான புதிதில் ஒரு டோஸ் போட்டேன். அதற்குப் பிறகுதான் கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. கருவைக் கலைக்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார்.
*வாசகி, சேலம்*

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். கர்ப்பம் தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் உலகில் ஏராளம். குழந்தைக்குத் தீங்கு எதுவும் காணப்படவில்லை. கர்ப்பிணிக்குத் தெரிந்தே போடுவதில்லை, அவ்வளவுதான். மீதி டோஸைப் பிரசவத்துக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள், பால் கொடுக்கும் காலத்திலேயே போடலாம். வாழ்த்துகள்.

மாதவிலக்கு நாளில் ஊசி போடலாமா? போட்ட அன்று தலைக்குக் குளிக்கலாமா? கருவாடு சாப்பிடலாமா?
*வாசகி, ராமநாதபுரம்*

மூன்றுக்கும் ஆம். நல்ல காய்ச்சலில் படுத்திருந்தால் மட்டும் அது தணிந்த பிறகு போடுங்கள். சளி, இருமலுக்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஈஸ்ட் கலந்த பண்டம் தின்று உடம்பெல்லாம் தடித்து மூச்சுத் திணறியது உண்டா, முந்தைய டோஸில் அப்படி ஆனதா என்பதை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். கருவாட்டுக்கும் ஊசிக்கும் பகை எதுவும் இல்லை.